சென்னியப்பன் பாயிரம்

எந்த ஊரிலும் பேசுவதற்கு ஒரு வாய் போதும். நொச்சிமேட்டுப்பாளையத்தில் மட்டும் இரண்டு வாய் வேண்டும், ஒன்று பேசுகிறவன் வாய், இன்னொன்று அவனுக்குப் பாயிரம் சொல்கிறவன் வாய். பாயிரம் என்றதும் பயந்துவிடாதீர்கள். புத்தகத்தின் வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர்களைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகிற பேச்சுக்கு அந்தப் பேர். படித்தவர்கள் முகவுரை என்பார்கள், முன்னுரை என்பார்கள், அந்தக் காலத்து ஆட்கள் பாயிரம் என்றார்கள். இதைச் செய்தவன் யார், அவன் யார் வழியில் வந்தவன், அவன் பேச்சு செல்லுகிற எல்லை எதுவரைக்கும், செய்ததற்குப் பேர் என்ன, அது எதைப் பற்றியது, யார் கேட்பதற்காக, கேட்டால் என்ன பயன், இத்தனையும் அதில் வந்தாக வேண்டும். அதைவிட முக்கியம், செய்தவனே தன் வாயால் அதைச் சொல்லிக்கொள்ளக் கூடாது. அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் சொல்லலாம், கூடப் படித்தவர் சொல்லலாம், அவனிடம் கற்றுக்கொண்டவர் சொல்லலாம், அவன் மட்டும் சொல்லக் கூடாது.

புத்தகத்துக்கென்று இருந்த இந்தச் சட்டத்தை, எந்தக் காலத்தில் எந்த வாத்தியார் ஆரம்பித்துவைத்தாரோ, எங்கள் ஊர் உருவி எடுத்து மனுசனுக்கு மாட்டிவிட்டது. பெண் கேட்கப் போனால் மாப்பிள்ளை வாயைத் திறக்க மாட்டான், அவன் சேக்காளி ஒருத்தன் எழுந்து பாயிரம் சொல்லி முடிக்கிறவரைக்கும் காபி ஆறிக்கொண்டிருக்கும். மாடு விற்கிறவனுக்கு ஒரு பாயிரம், மாட்டுக்கு ஒரு பாயிரம். மிட்டாய் கேட்கிற பிள்ளைகூட அக்காளை முன்னால் விட்டு, "இவன் பேரு கதிரேசன், இன்னிக்கு அழுகாம பள்ளிக்கொடம் போனான்" என்று சொல்லவைத்துவிட்டுத்தான் கையை நீட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். தன்னைத் தானே பீற்றிக்கொள்ளாத ஊர் என்று வெளியூர்க்காரர்கள் மெச்சிக்கொண்டும் போனார்கள்.

ஊர்ப் பொதுக்காரியம் எல்லாம் மாரியம்மன் கோயில் திடலில்தான் நடக்கும். அங்கே சட்டம் இன்னும் கெட்டி. அந்தத் திடலில் யாருக்குப் பாயிரம் சொல்லப்படவில்லையோ அவர்களுக்கு அந்தத் திடலில் வாய் கிடையாது. ஒரு பாயிரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு காரியம் அங்கே தொடங்கவும் முடியாது. பாயிரம் சொல்கிறவர் கடைசியில் சபையைப் பார்த்து, "ஏதாச்சும் விட்டுப்போச்சுதுங்களா?" என்று கேட்பார். "விட்டுப்போகலீங்" என்று சபை சொன்னால் பாயிரம் முடிந்தது. ஏதாவது விட்டுப்போயிருந்தால், தெரிந்தவர்கள் எழுந்து சொல்ல வேண்டும், சொன்னதைச் சேர்த்துவிட்டுத்தான் முடிக்க வேண்டும். அம்மன் பார்த்துக்கொண்டிருக்கிற இடம் என்பதால், விட்டுப்போனதைத் தெரிந்துகொண்டே விட்டுப்போகவில்லை என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. இந்த ஒரு சங்கதியை மட்டும் மனதில் முடிந்துவைத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை நான் சொல்கிறேன்.

ஊருக்குக் கிழக்கே ஆறு. ஆற்றங்கரையில் சென்னியப்பனின் சாயப்பட்டறை. சென்னியப்பன் வருவதற்கு முன்னால் ஆற்றுக்கு நிறம் கிடையாது, வந்த பிறகு தினம் ஒரு நிறம். "இன்னிக்கு என்ன கலருங்?" என்று பல் விளக்கிக்கொண்டே ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கொள்வார்கள், மழை வருமா என்று கேட்கிறமாதிரி. மாடு குடித்துச் செத்தது, தென்னை குரும்பையிலேயே உதிர்த்தது, கிணற்று நீரில் வெந்த அரிசி ஊதாப்பூ நிறத்தில் இலையில் விழுந்தது. ஆனால் வேலை இருந்தது. வாரச் சம்பளம் இருந்தது. தெற்கே வானம் பார்த்த பூமியிலிருந்து மஞ்சள் பையும் பிள்ளையுமாக பஸ் ஏறி வந்தவர்களுக்குப் பட்டறைக்குப் பின்னால் தகரம் போட்ட லைன் வீடுகள் இருந்தன. அப்படி வந்தவள்தான் இருளாயி, உடைமரத்துப்பட்டிக்காரி, புருசன் செத்தவள், பாண்டீஸ்வரி என்று ஒரே ஒரு மகள். வந்தவர்களுக்கு யாரும் பாயிரம் சொல்லவில்லை. வேலைக்கு வந்தவர்களுக்கு எதற்குப் பாயிரம் என்று ஊர் நினைத்தது. பாயிரம் இல்லாததால் திடலில் அவர்களுக்கு வாய் இல்லை, வாய் இல்லாத ஆட்கள்தான் சென்னியப்பனுக்கும் தோதாக இருந்தார்கள்.

கழிவுத் தண்ணீரை ஆற்றில் விடக் கூடாது என்று கண்டிப்பு வந்த வருசம், சென்னியப்பன் பட்டறைக்குப் பின்னால் ஒரு குழி வெட்டினார். வெளியாட்கள் யாரையும் கூப்பிடவில்லை, ஊர் ஆட்கள்தான் வெட்டினார்கள், ஊர் டிராக்டர்தான் மண்ணை அள்ளியது. பட்டறையைப் பார்வையிட சர்க்கார் ஆட்கள் வருகிற தகவல் கிடைத்தால் குழிமேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டி அதன்மேல் மண்ணைத் தூவிவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் களம் மாதிரி இருக்கும். அப்படி ஒரு நாள் பார்வையிட வந்தார்கள். முன்கேட்டில் ஜீப் நின்றதும், வயசு பத்தாத பிள்ளைகளை எல்லாம் பின்வாசல் வழியாக ஓடச் சொன்னார் மேஸ்திரி. ஓடினார்கள். பாண்டீஸ்வரி களம் என்று நினைத்து மிதித்தாள்.

அவளை வெளியே எடுத்தபோது நீலமாக இருந்தாள். அன்றைக்கு ஓடியது நீலம். இருளாயி சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள், அழுதுகொண்டே தேய்த்தாள், நிறம் போகவில்லை. நீலமாகவே புதைத்தார்கள். மறுநாள் காலையில் குழி இல்லை. குழி இருந்த இடத்தில் வாழைக்கன்று நின்றது. "எங்க இடத்துல குழியே கெடையாதுங், அந்தப் புள்ள ஆத்துல கால் வழுக்கி உளுந்துருச்சு" என்றார் சென்னியப்பன். விசாரிக்க வந்தவர்கள் வயது பத்தொன்பது என்று எழுதிக்கொண்டார்கள். பட்டறையிலிருந்து இருளாயிக்கு ஒரு தையல் மிஷின் வந்து இறங்கியது. அவள் அதன் சாக்கைக்கூடப் பிரிக்கவில்லை, தகரத்துக்கு வெளியே விட்டுவிட்டாள், கோழி அதன்மேல் ஏறி முட்டையிட்டது.

இருளாயி கேட்டது ஒன்றே ஒன்று. குழி இருந்தது என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அதற்காக எந்தெந்த வாசலிலோ நின்றாள், எந்தெந்தப் படியிலோ உட்கார்ந்தாள், கடைசியில் ஒரு விசாரணை அதிகாரியைத் திடலுக்கே வரவைத்துவிட்டாள். அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்ததும் பெரியவர்கள் கைகட்டி நின்று, "எங்கூர்ல ஒரு மொறை இருக்குதுங், மொதல்ல முதலாளிக்குப் பாயிரம், அப்பறம் அந்தம்மாளுக்குப் பாயிரம், அதுக்கப்பறம் நீங்க விசாரிச்சுக்கலாமுங்" என்றார்கள். "சுருக்கமா முடிங்க" என்றார் அதிகாரி. மைக்கைப் பிடித்தவர் புலவர் அம்பலவாணன், பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், சென்னியப்பனுக்கும் ஒரு காலத்தில் வாத்தியார். "கொஞ்சம் நீட்டியே சொல்லுங்க சார்" என்று சென்னியப்பன் அவர் காதில் சொன்னதைப் பக்கத்தில் நின்றவர்கள் கேட்டார்கள். புலவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்:

"வடக்கே நொச்சிமலையும் தெற்கே நெடுஞ்சாலையும் எல்லையாக, கிழக்கே பல்வண்ணம் காட்டிப் பாயும் ஆறும் மேற்கே மாரியின் கோபுரமும் காவலாக, இடைப்பட்ட இத்திருநாட்டில், பட்டறை ஆக்கியோன், பாதை ஆக்கியோன், பள்ளிக்குச் சுற்றுச்சுவர் ஆக்கியோன், பேருந்து நிற்குமிடத்தில் நிழல் ஆக்கியோன்..."

எல்லாம் ஆக்கினார். நிழற்குடையில் மின்விசிறி வரைக்கும் சொல்லி முடித்துவிட்டு, முறைப்படி சபையைப் பார்த்து, "ஏதாச்சும் விட்டுப்போச்சுதுங்களா?" என்று கேட்டார்.

யாரும் பேசவில்லை. விட்டுப்போகவில்லை என்று சொல்ல வேண்டும், சொன்னால் அம்மன் கேட்பாள். விட்டுப்போயிற்று என்று சொல்ல வேண்டும், சொன்னால் சென்னியப்பன் கேட்பார். குழி வெட்டினவர்கள் மண்ணைப் பார்த்தார்கள். தார்ப்பாய் கட்டினவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். இருளாயி எழுந்தாள். "ஒனக்கு இன்னும் பாயிரம் ஆகலம்மிணி, உக்காரு, உன்ற மொறை வரும்" என்று நாலு பக்கமும் கைகள் அமுக்கின. உட்கார்ந்தாள்.

சபை பேசாததால் புலவர் தொடர்ந்தார். அவ்வளவுதான் நடந்தது. அன்றைக்கு மாலை தொடர்ந்தார், மறுநாள் காலை வந்து பார்த்தபோதும் தொடர்ந்துகொண்டிருந்தார், அடுத்த பொங்கலுக்கும் அதற்கடுத்த பொங்கலுக்கும் தொடர்ந்துகொண்டிருந்தார், சோறு கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, கண்ணசரவில்லை, குரல் கம்மவில்லை, ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் "ஏதாச்சும் விட்டுப்போச்சுதுங்களா?" என்று கேட்டு, பதில் வராததைப் பார்த்துவிட்டு அடுத்த அடுக்கைத் தொடங்கினார்.

ஊர் இதற்கு ஆச்சரியப்பட்டது என்றா நினைக்கிறீர்கள்? மழை பெய்தால் குடை விரிக்கிறமாதிரி இதற்கும் ஒன்றை விரித்துக்கொண்டது. வெயிலில் நிற்கிறாரே என்று முதலில் ஓலைப்பந்தல் போட்டார்கள், பிறகு தகரம், பிறகு சென்னியப்பன் செலவில் கான்கிரீட், அதையும் அன்றைக்கே பாயிரத்தில் சேர்த்துக்கொண்டார் புலவர். மைக்செட் சுப்பிரமணி வருச வாடகைக்குப் பேசிக்கொண்டு அந்தக் காசில் மச்சு வீடு கட்டினான். பஸ் நிறுத்தத்துக்குப் பாயிரம் ஸ்டாப் என்று பேர் விழுந்து, "பாயிரம்லாம் எறங்கு" என்று கண்டக்டர்கள் கத்தினார்கள். டீக்கடை மயில்சாமி கடையைத் திடலுக்கு மாற்றிக்கொண்டு, புலவர் சொல்கிற அடுக்குக்கு ஏற்றமாதிரி டீ ஆற்றப் பழகினான். தொட்டில் பிள்ளைகள் அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தூங்கவில்லை, வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த பெண்கள் முதல் பிரசவத்துக்குத் திரும்பி வந்ததும், "அப்பாடா, இப்பத்தான் காது நெறைஞ்சுது" என்றார்கள்.

புலவரின் சம்சாரம் தெய்வநாயகி தினம் ஒரு தடவை வந்து அவர் முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வேட்டியைச் சரிபண்ணி விடுவாள். "வூட்ல வாயத் தொறந்தா முத்து உதுந்துருமேன்னு இருப்பீங்க, இங்க பாருங்க எப்படி ஊத்துதுன்னு" என்பாள். அவர் கண்ணால் அவளைப் பார்ப்பார், வாய் சென்னியப்பனைச் சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு நாள் துடைக்கும்போது துணி இன்னும் கொஞ்சம் ஈரமானது, அது அவர் கண்ணிலிருந்து என்று அவளுக்குத் தெரிந்தது, யாரிடமும் சொல்லவில்லை.

சென்னியப்பனுக்கு மட்டும் இது வரம். பாயிரம் முடியவில்லை, ஆகவே விசாரணை தொடங்கவில்லை. தினமும் காலையில் கோயிலுக்கு வருகிறமாதிரி வந்து, மேடையில் கொஞ்சநேரம் உட்கார்ந்து, தன் பேரைக் காதாரக் கேட்டுவிட்டு, பட்டறைக்குப் போவார். பட்டறை ஒன்று மூன்றானது. அதிகாரி மாற்றலாகிப் போனார், அடுத்தவர் வந்து அதே நாற்காலியில் அதே பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார், அவரும் மாற்றலானார், அதற்கடுத்தவர் வந்தார். ஒரு பாயிரம் ஓடும்போது இன்னொன்று தொடங்க முடியாது என்பதால் திடலில் வேறு பேச்சே நடக்கவில்லை. தண்ணீரைப் பற்றிக் கூட்டம் போட முடியவில்லை, கூலியைப் பற்றிக் கூட்டம் போட முடியவில்லை, இன்னொரு பட்டறையில் ஒரு ஆளின் கை மிஷினில் போனபோது அதைக் கேட்கக்கூட ஒரு கூட்டம் கூட முடியவில்லை. "மொதல்ல இது முடியட்டுங்" என்றார்கள். சபை எதைச் சொல்லாததால் அது முடியாமல் இருந்ததோ, அதே சபை அது முடியட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. ஊர் முழுக்க இருந்தது, யார் வாயிலும் இல்லை.

இருளாயி மட்டும் தினமும் வேலை முடித்துவிட்டு வந்து அதே இடத்தில் உட்காருவாள், முன்வரிசைக்குக் கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்து வேரில். தன் முறை வரும் என்று முதலில் நம்பி உட்கார்ந்தாள். பிறகு நம்பாமல் உட்கார்ந்தாள். அவள் தலை நரைத்தது, பாண்டீஸ்வரியோடு ஓடின பிள்ளைகள் எல்லாம் கல்யாணமாகிப் பிள்ளை பெற்று அந்தப் பிள்ளைகளைத் திடலில் விளையாட விட்டார்கள். "இருளாயக்கா, இன்னிக்கு என்ன அடுக்கு ஓடுது?" என்று போகிறவர்கள் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டுப் போவார்கள். "ஓடுது தாயி, ஒங்க மொதலாளி இன்னைக்கி வானத்தச் செஞ்சுக்கிட்டு இருக்காரு" என்பாள். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

எத்தனையைத்தான் ஒரு மனுசன் ஆக்கியிருக்க முடியும்? புலவருக்குச் சரக்கு தீர்ந்துகொண்டே வந்தது. பெரியதெல்லாம் முடிந்து சின்னதற்கு வந்தார், எந்த வருசம் யாருக்கு எத்தனை முழம் வேட்டி கொடுத்தார், யார் வீட்டுச் சாவுக்கு என்ன மாலை போட்டார் என்றெல்லாம் வந்து, கடைசியில் ஒரு சித்திரை மாதத்துப் பகலில், தார் ரோடு உருகி வண்டிச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த வேளையில், புலவர் இதைச் சொன்னார்:

"தெற்கே உடைமரத்துப்பட்டி என்னும் வறள்நிலத்தினின்றும் வந்து, இவர் நிழலில் ஒதுங்கி, இவர் பட்டறையில் உழைத்துண்ட இருளாயி என்பாள், ஆற்றில் வழுக்கி வீழ்ந்த பாண்டீஸ்வரி என்னும் ஒருமகளை இழந்து ஊர்ச்சபையில் முறையிட்டுக் காத்திருக்க, அப்பேதையைத் தான் பெற்ற மகளெனவே எண்ணி நெஞ்சுருகி, அத்தாய்க்குத் தையற்பொறி ஈந்த தாயினும் நல்லான்..."

வேப்பமரத்து வேரில் இருளாயி எழுந்து நின்றாள்.

"யாரு மக?" என்றாள்.

மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் அத்தனை வருசத்தில் புலவரின் குரலுக்குக் குறுக்கே வேறு குரல் எழாத திடல் அது, மயில்சாமியின் கையிலிருந்து டீ கோப்பைக்கு வெளியே சிந்தியது.

"உக்காரம்மிணி, உனக்கு இன்னும் பாயிரம்..." என்று பழக்கத்தில் தொடங்கிய ஒரு பெரியவர் அப்படியே நின்றுவிட்டார். எல்லாருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. ஊர் சொல்லிவிட்டார், பேர் சொல்லிவிட்டார், தொழில் சொல்லிவிட்டார், எதைப் பற்றி, யார் கேட்பதற்காக என்பதையும் சொல்லிவிட்டார். அவள் தன் வாயால் சொல்லிக்கொள்ளவில்லை, இன்னொருத்தர் வாய் சொன்னது, திடலில், மைக்கில், அம்மன் சந்நிதிக்கு நேராக. சென்னியப்பனைப் பூச எடுத்த சாந்தில் புலவர் தவறி இருளாயிக்கும் ஒரு வாசல் கட்டிவிட்டார். சென்னியப்பனின் முகம்தான் அதை முதலில் ஒத்துக்கொண்டது.

புலவர் அந்த அடுக்கை முடித்தார். "ஏதாச்சும் விட்டுப்போச்சுதுங்களா?"

"விட்டுப்போச்சுய்யா" என்றாள் இருளாயி. "ஒரு குழி விட்டுப்போச்சு."

அவள் அழவில்லை. அழுகிறவளாக இருந்திருந்தால் நாலு பெண்கள் ஓடிவந்து அணைத்து உட்காரவைத்து, சோடா வாங்கிக்கொடுத்து, அந்த வார்த்தையை அந்தச் சோடாவிலேயே கரைத்திருப்பார்கள். அவள் நின்றாள்.

"பள்ளிக்கொடத்துச் சொவரு சொன்னீக. நெழக்கொடை சொன்னீக. அதுல சுத்துற காத்தாடியக்கூடச் சொன்னீக. பட்டறைக்குப் பின்னால வெட்டுன குழிய ஏன்யா சொல்லல? அதையும் அவருதான செஞ்சாரு? செஞ்சது எல்லாத்தையும் சொல்லணுங்கிறதுதான ஒங்க ஊரு சட்டம்?"

"சார், நீங்க மேல சொல்லுங்க சார்" என்றார் சென்னியப்பன். "அது கெடக்குது, பொம்பள ஏதோ பேசுது. அந்தக் கல்யாண மண்டபத்துக்குக் குடுத்த அண்டா சொன்னீங்களா?"

புலவர் அவரைப் பார்க்கவில்லை. அத்தனை வருசத்தில் முதல் தடவையாக அந்த வாய் ஒரு மூச்சு நின்றது. பிறகு, அதே ஏற்ற இறக்கத்தோடு, அதே மணியான தமிழில் சொன்னது:

"பட்டறைக்குப் பின்புறத்தே, கழிவுநீர் மறைக்க, குழி ஆக்கியோன்..."

ஒரு சத்தம் திடலில் எழுந்தது, பந்தல் சரிகிறபோது வருமே, அப்படி. புலவர் சபையைப் பார்த்தார். "ஏதாச்சும் விட்டுப்போச்சுதுங்களா?"

இருளாயி திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வைது தீர்த்திருந்தால் தாங்கியிருப்பார்கள். அவள் பார்த்தாள், அவ்வளவுதான்.

"இத்தன வருசமா இந்தா இந்த வேருல உக்காந்துருக்கேன். தண்ணி குடுத்தீக, பந்தல் போட்டீக, டீ குடுத்தீக, அக்கான்னு கூப்புட்டீக. எதக் கேட்டனோ அதக் குடுத்தீகளாய்யா? குழி வெட்டுனவுக இங்கதான் இருக்கீக. ஆரு ஆருன்னு எனக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரியும். நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

பின்வரிசையில் கிழவன் பொன்னுக்குட்டி எழுந்தான், மண்வெட்டி பிடித்துப் பிடித்து விரல் மடங்கினபடியே நின்றுபோனவன். "ஆழம் விட்டுப்போச்சுங்" என்றான். "ரெண்டாள் ஆழமுங். நானும் என்ற தம்பியும்தான் வெட்டுனது."

"இரண்டாள் ஆழத்தில்..." என்று புலவர் சேர்த்தார். "ஏதாச்சும் விட்டுப்போச்சுதுங்களா?"

"மண்ணு அள்ளுனது என்ற டிராக்டருங்."

"தார்ப்பாய் கட்டுனது விட்டுப்போச்சுங். கெழக்கு மூலையில முடிச்சு போட்டது நானுங்."

"அதுமேல மண்ணு தூவுனது விட்டுப்போச்சு."

"பின்வாசல் வழியா ஓடச் சொன்னது..." பழைய மேஸ்திரிக்கு அதற்குமேல் வரவில்லை, உட்கார்ந்துவிட்டான். "சொல்றா!" என்று அவன் பெண்டாட்டி அவன் முதுகில் ஒரு அறை வைத்தாள், "என்ற புள்ளையும் அன்னிக்கு அந்த வழியாத்தானடா ஓடுச்சு, ஒரு எட்டு முந்தி ஓடுனதால இன்னிக்கு உசுரோட இருக்குது, சொல்றா!" மேஸ்திரி சொன்னான்.

"அன்னிக்கு ராத்திரியே குழிய மூடுனது விட்டுப்போச்சுங்."

"வாழக்கன்னு என்ற தோட்டத்துதுங்" என்றான் மயில்சாமி. அதைச் சொல்லும்போது டீ ஆற்றுகிற குவளை அவன் கையிலேயே இருந்தது. "நான்தான் வெலைக்குக் குடுத்தேன். எதுக்குன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன்."

ஒவ்வொன்றையும் புலவர் அதே மணித்தமிழில் எடுத்துச் சொல்லிச் சேர்த்தார், ஒலிபெருக்கி அதை ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கொண்டுபோனது. சென்னியப்பன் எழுந்து மைக்கைப் பிடுங்கினார். "நான் என்ன சொல்றன்னா, நான் இந்த ஊருக்கு..." என்று தொடங்கினதும், தொட்டிலிலிருந்தே பாயிரம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. தன் பாயிரத்தைத் தானே சொல்லிக்கொள்கிற மனுசனை அவை அதுவரைக்கும் பார்த்ததில்லை. "அய்யே, தனக்குத் தானே சொல்லிக்கிறாரு" என்றது ஒன்று. சென்னியப்பன் பக்கத்தில் நின்ற ஆட்களைப் பார்த்தார். அவருக்காகச் சொல்ல ஒரு வாய் திறக்கவில்லை. மைக் அவர் கையிலிருந்து தானாகவே இறங்கியது.

"ஏதாச்சும் விட்டுப்போச்சுதுங்களா?" என்றார் புலவர். குரல் கம்மத் தொடங்கியிருந்தது.

சபை இருளாயியைப் பார்த்தது.

"வயசு" என்றாள். "பத்தொம்பதுன்னு எழுதுனாக. எம்மகளுக்குப் பதினாறுய்யா. அப்பறம் நெறம். நீலமாப் போனா. அதையும் போடுங்க."

புலவர் போட்டார். போட்டுவிட்டு அவர் கேட்டபோது, "விட்டுப்போகலீங்" என்று சொல்ல ஊர் வாயெடுத்தது, ஆனால் இருளாயி கையை உயர்த்தியதும் அடங்கியது. அந்த வார்த்தையை அவர்களிடம் விட அவளுக்கு மனமில்லை. அவளே சொன்னாள்.

"விட்டுப்போகலய்யா. முடிச்சுக்கங்க."

பாயிரம் முடிந்தது. புலவர் வாயை மூடினார், மூடத் தெரியாமல் கொஞ்சநேரம் உதடுகள் துடித்தன, பிறகு மேடையிலேயே உட்கார்ந்து தெய்வநாயகியைப் பார்த்து, "தண்ணி" என்றார். அவள் சொம்போடு ஓடினாள். தொட்டில் பிள்ளைகள் எல்லாம் ஒரே சமயத்தில் விழித்துக்கொண்டு வீறிட்டன, மைக்செட் சுப்பிரமணி எதை அணைப்பது என்று தெரியாமல் பொத்தானைத் தேடினான், அந்தச் சத்தமும் அடங்கியபிறகு, கிழக்கே ஆறு ஓடுகிற சத்தம் ஊருக்குக் கேட்டது. அங்கே ஒரு ஆறு இருப்பதையே மறந்துவிட்டவர்கள்போல அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு ஆறு சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எத்தனையாவது அதிகாரியோ, சின்ன வயசு, வந்து சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. பேனாவை உதறினார், மை காய்ந்துபோயிருந்தது. பக்கத்தில் நின்றவரிடம் வேறு பேனா வாங்கிக்கொண்டார்.

"சொல்லுங்கம்மா. உங்க பேரு?"

"எம்பேரு பெறகு எழுதலாம்" என்றாள் இருளாயி, மேடைக்கு எதிரே கால் ஊன்றி நின்றுகொண்டு. "மொதல்ல குழின்னு எழுதுங்க. எழுதிட்டு, எழுதுனத ஒருக்காச் சத்தமா வாசிங்க."